எந்த வாரம் மருந்து?

நாலு டப்பாவும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. வெள்ளை மூடி, மேலே ஒட்டிய சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வெறும் எண். ஒவ்வொன்றிலும் ஐந்து மாத்திரை, பள்ளி நாளுக்கு ஒன்று. இரண்டு டப்பாவில் இருப்பது நிஜ மருந்து. மற்ற இரண்டில் இருப்பது ஒன்றுக்கும் உதவாத வெறும் மாவு. எது எதில் என்பது மருந்துக் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் அதை ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, குழந்தைகள் மனநல மையத்துக்குக் கொடுத்துவிட்டார். நாலு வாரம் முடிந்த பிறகுதான் அதைப் பிரிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கேட்ட நாளிலிருந்தே அம்மா தோருனுக்கு அது பிடிக்கவில்லை. பெற்ற பெண்ணுக்குக் கொடுப்பது மருந்தா மாவா என்று தெரியாமல் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்துவிட்டு தினமும் சாயங்காலம் பத்துக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டுமாம். சொன்னதைக் கேட்டாளா, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாளா, அழுதாளா, சாப்பிட்டாளா. வீட்டில் ஒரு தாள், பள்ளியில் ஆசிரியருக்கு ஒரு தாள். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அதனால்தான் மறைக்கிறோம் என்று உளவியல் நிபுணர் ஓஷில்ட் பொறுமையாகத்தான் சொன்னாள். தோருனின் மனசு அதற்கு முன்னாலேயே நன்றாகச் சாய்ந்து கிடந்தது என்பது ஓஷில்டுக்குத் தெரியாது.

முதல் திங்கட்கிழமை காலை அடுக்களையில் நின்றுகொண்டு தோருன் தன் கணவனிடம் சொல்லிவிட்டாள்.

"ஐவிந்த், இப்பவே சொல்லிட்டேன். சாப்பாட்டைக் குறைச்சாள்னா அன்னிக்கே நிறுத்திருவேன். நாலு வாரமாவது, அஞ்சு வாரமாவது. உறையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"முதல் மாத்திரையே இன்னும் உள்ளே போகலை. அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா?" என்றான் அவன், காப்பியை ஊதிக்கொண்டே.

"சாப்பாட்டு டப்பா பொய் சொல்லாது. அதைத் தினம் பார்ப்பேன்."

மாடிப்படியில் மழைக்கால்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள் சுன்னிவா. பத்து வயது. ஒரு காலை நுழைத்துவிட்டு மறுகாலை மறந்து, சுவரில் ஊர்ந்த ஒரு ஈயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் எதுவும் விழுகிற மாதிரி இல்லை. அவள் காதில் எப்போதுமே எதுவும் விழுகிற மாதிரி இருக்காது, அதுதானே வம்பே.

சுன்னிவாவைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் எதிலும் நிலைகொள்ளாது. கணக்குப் பாடத்தில் மூன்றாவது வரியில் ஜன்னல் வழியாக வெளியே போய்விடுவாள், உடம்பு மட்டும் பெஞ்சில் இருக்கும். பள்ளி பேண்டில் கிளாரினெட் ஊதுவாள், நன்றாகவே ஊதுவாள், ஆனால் நடந்துகொண்டே ஊது என்றால் போச்சு. நடுவில் வரிசையை விட்டு விலகி யார் வீட்டு வேலியையோ பார்த்துக்கொண்டு நிற்பாள். பின்னால் வருகிற பிள்ளை இடித்துக்கொள்ளும், டிரம் அடிக்கிற பிள்ளை திட்டும். மே பதினேழு தேசிய தின ஊர்வலத்துக்கு இன்னும் ஐந்தே வாரம். "இந்தத் தடவை ஓரமா நின்னு கொடி ஆட்டட்டும், என்ன?" என்று பேண்டு மாஸ்டர் தன்மையாகத்தான் கேட்டார். அன்றைக்கு சுன்னிவா வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மையத்துக்குப் போனார்கள். அங்கே தலையில் ஓட்டை ஓட்டையாக ஒரு தொப்பியை மாட்டி, ஓட்டைக்குள் எல்லாம் கொழகொழவென்று பசையை அடைத்து, திரையில் படம் வரும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மூளையில் ஓடுகிற அலையைக் கம்ப்யூட்டர் வரைந்தது. இதே சோதனை செய்துகொண்டு மருந்து சாப்பிட்ட பழைய பிள்ளைகளின் கணக்கு அதனிடம் இருந்தது. அவர்களோடு சுன்னிவாவை ஒப்பிட்டு அது ஒரு ஆரூடம் சொன்னது.

"இவளை மாதிரி பத்துப் பிள்ளைங்கள்ல மூணு பேருக்குத்தான் நல்லா வேலை செஞ்சிருக்கு," என்றாள் ஓஷில்ட். "ஆறு பேருக்குப் பசி போயிருக்கு. சிலர் சும்மா சும்மா அழுதிருக்காங்க. ஆனா இது ஜோசியம் இல்ல. வானிலை அறிக்கை மாதிரி எடுத்துக்கங்க."

"எங்க ஊர்ல எழுபது சதவீதம் மழைன்னு சொன்னா நூறு சதவீதம் பெய்யும்," என்றான் ஐவிந்த். அவனுக்குப் பதற்றம் வந்தால் கிண்டல் வந்துவிடும்.

தோருன் சிரிக்கவில்லை. பத்தில் ஆறு என்ற எண் அவள் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் அண்ணன் யூஸ்தைனுக்கு எட்டு வயதில் இதே மாதிரி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அவன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவான். அதற்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருப்பான், வாயில் வைக்க மாட்டான். அப்பாடா, வீடு அமைதியாச்சு என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அம்மா பெருமை பேசினாள். ஆறு வயது தோருன் மட்டும் பயந்து செத்தாள். அண்ணனை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டு வேறு யாரையோ வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். யூஸ்தைன் இன்றைக்கு வடக்கே மீன்பிடிப் படகில் குண்டுக்கல்லாக இருக்கிறான். இருந்தாலும் அந்தப் பயம் அவளை விட்டுப் போகவில்லை.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சுன்னிவா சுன்னிவாவாகவே இருந்தாள். ஒரு கையுறையைத் தொலைத்தாள், கணக்கு நோட்டைக் குளிர்பெட்டிக்குள் வைத்தாள். சாப்பாட்டு டப்பா எப்போதும் போலத்தான் திரும்பி வந்தது. பிரவுன் சீஸ் வைத்த ரொட்டித் துண்டுகள் காலி, ஓரங்கள் மட்டும் எலி கடித்தாற்போல மிச்சம். தோருன் ஓரங்களை எண்ணினாள். தாளில் 'பசி: வழக்கம் போல' என்று எழுதினாள். மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஓரம்கூட இல்லை.

"எல்லாம் சாப்பிட்டியா?"

"ம்."

"ஓரமும்?"

"பசிச்சுது," என்றாள் சுன்னிவா, புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல். புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் என்பதைத்தான் தோருன் ஒரு நிமிடம் கழித்துக் கவனித்தாள். பெண் அரைமணி நேரமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாயும் காலி, புதனும் காலி. வியாழக்கிழமை வேண்டுமென்றே ஈரல் பேஸ்ட் தடவிய துண்டு ஒன்றை அதிகம் வைத்து அனுப்பினாள். அதுவும் காலி. அன்று சாயங்காலம் பேண்டு ஒத்திகையைப் பார்க்க ஐவிந்த் போயிருந்தான். மழையில் நனைந்து, வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான்.

"பள்ளியிலேருந்து தேவாலயம் வரைக்கும் நடந்தா, தோருன். ஒரு அடி விலகலை. தபால்காரர் வண்டி குறுக்கே வந்துச்சு, அப்பவும் திரும்பிப் பார்க்கலை. மாஸ்டரே என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். இதுதான் மருந்து, எழுதி வச்சுக்கோ."

"மருந்துன்னா சாப்பாடு இறங்காதுன்னு சொன்னாங்களே. இவ ஓரத்தைக்கூட விடாம சாப்பிடறா. இது மாவு."

"மாவுக்கா அப்படி நடப்பா?"

"பிள்ளைங்களுக்கு ஒரு நல்ல வாரம் வராதா? எனக்கு வராதா, உனக்கு வராதா?"

தோருன் தாளில் எழுதினாள், 'பசி: மிக நன்று.' அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

மூன்றாவது வாரம் பேய் பிடித்த வாரம். திங்கட்கிழமையே ஆசிரியரிடமிருந்து குறிப்பு வந்தது, சுன்னிவா பக்கத்துப் பையன் பென்சில் டப்பாவை ஜன்னல் வழியாக வீசிவிட்டாளாம். செவ்வாய் சாயங்காலம் செருப்பை எங்கே வைத்தோம் என்று தேடி, கிடைக்காமல், தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள். வியாழக்கிழமை ஒத்திகையில் பாதி வழியில் வரிசையை விட்டுப் போய்விட்டாள். சாப்பாட்டு டப்பாவில் மறுபடியும் ஓரங்கள் வந்தன. ஒரு நாள் பாதித் துண்டே திரும்பி வந்தது.

தோருனுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அழுகை இருக்கிறது, சாப்பாடு குறைந்திருக்கிறது, கம்ப்யூட்டர் சொன்னது சொன்னபடி நடக்கிறது. அப்படியானால் இதுதான் நிஜ மருந்து. நல்லாயிருந்த வாரம் மாவு. பெண்ணுக்கு மருந்து ஆகவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மையத்துக்கு ஃபோன் போட்டாள்.

"நிறுத்திடலாம் ஓஷில்ட். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணாவது டப்பாதான் மருந்து."

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம்," என்றாள் ஓஷில்ட். "இன்னும் அஞ்சே நாள் இருக்கு. முடிச்சிட்டு வாங்க. உடம்புக்கு ஏதாவதுன்னா உடனே கூப்பிடுங்க, அந்த நிமிஷமே நிறுத்திடலாம்."

தோருன் அரைமனசாக ஒப்புக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு நிம்மதிதான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்காது, ஆனால் அதுதான் நிஜம். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஊர்வலத்தில் கொடி ஆட்டினால் ஆட்டிவிட்டுப் போகட்டும். பெண் பெண்ணாக இருந்தால் போதும்.

நாலாவது வாரம் சாப்பாட்டு டப்பா மறுபடி காலி. சுன்னிவா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். பார்த்தியா, மாவு, என்று ஐவிந்திடம் கண்ணாலேயே சொன்னாள் தோருன்.

புதன்கிழமை அவள் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஆட்லே வந்தார். பள்ளிக்கூடத்து வாசலுக்கு நேர் எதிர் வீடு, ஓய்வு பெற்ற கப்பல் எஞ்சினியர். வாசிக்கிற கண்ணாடியின் மூக்குப்பிடி உடைந்துவிட்டதாம். அதை மாற்றக் கொடுத்துவிட்டு மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா தோருன், உங்கிட்ட ஒரு சின்ன வேண்டுகோள். கோவிச்சுக்காதே. எங்க பாம்சேவுக்குக் கால்நடை டாக்டர் பத்தியம் போட்டிருக்கார்."

பாம்சே அவருடைய நாய். உருண்டை நாய்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"உன் பொண்ணுகிட்டச் சொல்லு. தங்கமான பொண்ணு, வேலிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி ஒவ்வொரு துண்டா ஊட்டறா. பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா ஈரல் பேஸ்ட் அதுக்கு ஆகாது."

தோருனின் கையில் இருந்த சிறு திருகாணி கீழே விழுந்தது. "எப்போலேருந்து?"

"நேத்து, முந்தாநாள். போன வாரம் வரலை, பாம்சே வேலிகிட்டயே காத்துக்கிட்டு கிடந்துச்சு பாவம். அதுக்கு முந்தின வாரம் அஞ்சு நாளும் வந்தா."

திருகாணியைத் தேடுகிற சாக்கில் தோருன் மேஜைக்கடியில் குனிந்தாள். குனிந்தவள் நிமிர நேரமாயிற்று. இரண்டாவது வாரம், நாலாவது வாரம். ஓரம்கூட மிச்சமில்லாத டப்பா. மிக நன்று, மிக நன்று என்று தன் கையாலேயே எழுதிய தாள்கள். அத்தனை நாளும் பெண் வெறும் வயிற்றோடு வகுப்பில் இருந்திருக்கிறாள். தாய் என்று ஒருத்தி டப்பாவை முகர்ந்து பார்த்துக்கொண்டு பூரித்துப்போயிருந்தாள். அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அன்று கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு மூன்று மணிக்கே பள்ளி வாசலில் போய் நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சுன்னிவா வெளியே வந்து அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"ஆட்லேவைப் பார்த்தேன்," என்றாள் தோருன்.

சுன்னிவா முதுகுப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் துறைமுகம் வரை நடந்தார்கள்.

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நிறுத்திருவே."

"யார் சொன்னது?"

"நீதான். முதல் நாள். அன்னிக்கே நிறுத்திருவேன், ஒரு மண்ணும் வேண்டாம்னு." அச்சுப் பிசகாமல் சொன்னாள். ஈயைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை.

"சாப்பிடாம இருந்தா உடம்பு என்ன ஆகும், யோசிச்சியா?"

"மத்தியானம் உள்ளே போக மாட்டேங்குதும்மா. வாயில வச்சா அட்டை மாதிரி இருக்கு. சாயங்காலம் பசிக்குது, அப்ப சாப்பிடறேன்ல. நேத்து மூணு மீன் உருண்டை சாப்பிட்டேன், நீயே பார்த்தே."

அது உண்மைதான்.

"உனக்கு ஒரு தாள் இருக்கு. டீச்சருக்கு ஒரு தாள் இருக்கு," என்றாள் சுன்னிவா. குரல் உடைய ஆரம்பித்திருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல. மாத்திரையை முழுங்கறது நான். யாரும் என்னைக் கேக்கவே இல்ல."

தோருன் நடப்பதை நிறுத்தினாள். கடையில் நாள் முழுக்க அவள் செய்கிற வேலை என்ன? கண் சோதிக்கிற கருவி முதலில் ஒரு எண் சொல்லும். அதை அப்படியே யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா என்று உட்கார்ந்திருக்கிற ஆளிடம்தான் கேட்பாள். முன்பின் தெரியாத ஆள் சொல்வதை நம்புவாள். சொந்தப் பெண்ணிடம் மட்டும் நாலு வாரமாக டப்பாவைத் திற என்று சொன்னாளே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"சரி. இப்பக் கேக்கறேன். அந்த ரெண்டாவது வாரம் எப்படி இருந்துச்சு?"

சுன்னிவா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "ஊர்வலப் பாட்டுக்கு ஒரு கடைசி இருக்கு, தெரியுமா? மூணு வருஷமா ஊதறேன், அதோட கடைசி வந்து சேர்ற இடம் எனக்குத் தெரியவே தெரியாது. அந்த வாரம்தான் கேட்டேன். எல்லாரும் ஒண்ணா நிறுத்துவாங்க. நானும் நிறுத்தினேன்."

"அழுகை வந்துச்சா? வெறுமையா, எதுவும் பிடிக்காம?"

"போன வாரம் வந்துச்சு. எல்லாரும் கத்தினாங்க, அதனால. மருந்து வாரத்துல வரலை." முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். "எது மருந்துன்னு எனக்கு முதல் நாளே தெரிஞ்சுதும்மா."

அன்று சாயங்காலம் தோருன் பழைய தாள்களை மேஜையில் பரப்பி, 'மிக நன்று' என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, பக்கத்தில் நடந்ததை எழுதினாள். ஐவிந்த் பக்கத்தில் நின்று பார்த்தான். ஜெயித்தவன் மாதிரி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று பேரும் மையத்துக்குப் போனார்கள். முதலில் எடை பார்த்தார்கள். ஒரு கிலோ நானூறு குறைந்திருந்தது. தோருன் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள். முள்கரண்டியால் உருளைக்கிழங்கைக் குத்துகிற அண்ணன் கை கண்முன்னால் வந்து நின்றது. வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது.

ஓஷில்ட் திருத்திய தாள்களை ஒரு வரி விடாமல் படித்தாள். நாயின் கதையைக் கேட்டாள். அதற்குப் பிறகு உறையைக் கிழித்தாள்.

"இரண்டும் நாலும் மருந்து," என்றாள். "கவனம் விஷயத்துல எங்க கணிப்பு தப்பு. ஆசிரியரோட தாளைப் பார்த்தா, இவ்வளவு நல்ல மாற்றத்தை நான் அடிக்கடி பார்க்கிறதில்ல. பசி விஷயத்துல கணிப்பு சரியாப் போச்சு. அளவைக் குறைச்சுப் பார்க்கலாம், காலையில நல்லாச் சாப்பிட வச்சு அப்புறம் மாத்திரை கொடுக்கலாம், மாசாமாசம் எடை பார்க்கலாம். ஆனா நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொல்லாம டாக்டர் எழுத மாட்டார்."

ஐவிந்த் தோருனைப் பார்த்தான். தோருன் எடை எழுதியிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓஷில்ட்," என்றாள் சுன்னிவா. "அந்தத் தொப்பியை அம்மாவுக்குப் போட்டுப் பார்க்கலாமா?"

"எதுக்கு?"

"அம்மா வேண்டாம்னு சொல்றதுக்கு நூத்துக்கு எத்தனைன்னு பார்க்கத்தான்."

பெண் கிண்டலாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. தான் இவளை டப்பாவை வைத்துக் கணித்துக்கொண்டிருந்த நாலு வாரமும் இவள் தன்னைக் கணித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா எங்கே பார்ப்பாள், எதைக் கண்டால் பயப்படுவாள், என்ன முடிவெடுப்பாள் என்று கணக்குப் போட்டு, பசியோடு போய் நாய்க்கு ஊட்டியிருக்கிறாள். அந்தக் கணிப்பில் ஒரு தப்பும் இல்லை.

"நீ எத்தனைன்னு நினைக்கிறே?" என்று கேட்டாள் தோருன்.

"தொண்ணூறு." யோசிக்கவே இல்லை. "முன்னாடி நூறு. துறைமுகத்துல நீ என்னைக் கேட்டே இல்ல, அதுக்கப்புறம் தொண்ணூறு."

பயம் அப்படியேதான் இருந்தது. ஒரு கிலோ நானூறும் அப்படியேதான் இருந்தது. தோருன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எழுதச் சொல்லுங்க ஓஷில்ட்," என்றாள். "குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கலாம். எடை பார்க்க நான் தவறாம கூட்டிக்கிட்டு வரேன்."

சுன்னிவா அம்மாவின் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். "சாப்பாடு திரும்பி வந்தா?"

"வரட்டும். ஒளிக்காம வீட்டுக்குக் கொண்டு வா."

"கோபப்பட மாட்டியே?"

"பயப்படுவேன். கோபப்பட மாட்டேன். நிறுத்தணும்னு தோணினா முதல்ல உன்கிட்டக் கேட்பேன்."

சுன்னிவா தலையாட்டினாள். இவ்வளவு நேரம் நேராக உட்கார்ந்திருந்தவள் ஐவிந்தின் மேல் சாய்ந்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்கக்கூட இல்லை.

"சரின்னு சொல்ல நூத்துக்குப் பத்துதான் இருந்துச்சு, அப்பா," என்றாள் மெதுவாக.